வைஃபைக்கு எது பூட்டு?

உங்கள் வீட்டு வைஃபை அலைகள் சுவரோடு நிற்பதில்லை, தெருவிலும் கிடைக்கின்றன. அயலார் கருவி அதில் சேர்ந்தால், அவர் செய்யும் குறும்பு உங்கள் வீட்டின் பெயரில் பதிவாகும். தடுப்பது எப்படி?

ஒரு வழி, பட்டியல். வைஃபை கருவி ஒவ்வொன்றுக்கும் 48 பிட் கொண்ட 'மேக் முகவரி' உண்டு. நம் கருவிகளின் முகவரிகளை ரௌட்டரில் பதிந்து, மற்றவற்றை விலக்கச் செய்யலாம்.

இது போதுமா? போதாது. கடிதம் உறைக்குள் மறைந்திருந்தாலும் மேலுள்ள முகவரியை எவரும் படிக்கலாம் அல்லவா? அதுபோல, செய்தி மறைகுறியாகச் சென்றாலும் மேக் முகவரி வெளிப்படையாகவே செல்கிறது. அதைப் படித்தவர் தம் கருவிக்கும் அதே முகவரியைச் சூட்டிவிடலாம்.

உண்மையான பூட்டு கடவுச்சொல்லே. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையில் அது காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. ரௌட்டரும் கருவியும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைப் பரிமாறிக்கொள்கின்றன. அவ்வெண்களோடு கடவுச்சொல்லையும் சேர்த்து இரண்டும் தனித்தனியே கணக்கிடுகின்றன. விடைகள் பொருந்தினால் கதவு திறக்கும்.

ஆனால், இந்த உரையாடலைப் பதிவு செய்தவர் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துச் சோதிக்கலாம். 10 இலக்கச் செல்பேசி எண்ணையா வைத்திருக்கிறீர்கள்? இருக்கக்கூடியவை 1000 கோடி எண்களே. நொடிக்கு 10 லட்சம் சோதிக்கும் கணினிக்கு அனைத்தையும் முடிக்க 3 மணி நேரம்கூட ஆகாது!

2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இத்தகைய ஊகச் சோதனையைத் தடுக்கிறது. உங்கள் ரௌட்டரில் அது இல்லையெனில், தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல் அமையுங்கள். 63 எழுத்துகள் வரை இடமுண்டு. இன்றே மாற்றுவீர்களா?