எல்லோருக்கும் ஒரே மொபைல் எண்ணா?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் உங்கள் கடை வாடிக்கையாளர்களின் பட்டியலைத் தயாரிக்கிறீர்கள். பிறகு திறந்து பார்த்தால், எல்லாப் பெயர்களுக்கும் எதிரே 2147483647 என்ற ஒரே எண்! வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

காரணம், அந்த ஃபீல்டுக்கு நீங்கள் கொடுத்த 'இண்ட்' என்னும் டேட்டா டைப். 4 பைட் கொண்ட இதில் சாதாரணமாக 2147483647-க்கு மேல் பதிய முடியாது. நம் மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண்கள். எனவே எல்லாமே இந்த அளவைத் தாண்டிவிடும். பழைய பதிப்புகள் ஒரு எச்சரிக்கையோடு உச்ச எண்ணைப் பதிந்துவிடும். உண்மையான எண் போனது போனதுதான். 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து, நீங்கள் செட்டிங்கை மாற்றாத வரை, எண்ணைப் பதியாமல் பிழைச் செய்தி தருகிறது.

தொலைபேசி எண்களை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. ஆகவே எழுத்தாகக் கருதி, 'வார்கேர் (20)' என அமைத்திடுங்கள். முன்னால் உள்ள 0, + ஆகியவையும் அப்படியே இருக்கும்.

பட்டியல் பெரிதானால் அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் ஒன்றும் உருவாக்குங்கள். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல் அட்டவணை போல, தேடலை இது வேகமாக்கும். தேடுகையில் எண்ணை மேற்கோள் குறிகளுக்குள் தரவும். மறந்தால் இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு ரெக்கார்டாகப் படிக்கத் தொடங்கிவிடும். தேடல் கட்டளைக்கு முன் 'எக்ஸ்ப்ளெய்ன்' சேர்த்து இயக்கினால், இண்டெக்ஸ் பயன்படுகிறதா என்று தெரிந்துவிடும்.