வலை நிரல் சுருக்கத்தில் தொகுப்பி எச்சரிக்கைகள்

வலைப்பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் கோப்பு அளவைக் குறைப்பது நிரல் சுருக்கம் எனப்படும். சுருக்கும்போது ஐயத்திற்குரிய இடங்களைக் கண்டால், தொகுப்பி எனப்படும் கம்பைலர் வெளியிடும் அறிவிப்புகளே எச்சரிக்கைகள். எச்சரிக்கை வந்தாலும் சுருக்கிய கோப்பு கிடைத்துவிடும். அதனால் தொடக்கநிலை மாணவர் பலர் அவற்றைப் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். ஒரு பள்ளியின் மதிப்பெண் பக்கத்தில் மாணவரின் பெயரோ மொத்த மதிப்பெண்ணோ வெற்றிடமாகத் தோன்றுவதற்கு, இப்படிக் கடந்து சென்ற ஒரு வரி காரணமாக இருக்கலாம்.

சுருக்கம் நடைபெறும் முறை

மனிதர் படிப்பதற்காக நிரலில் இடும் வெற்றிடங்கள், வரிமுறிவுகள், குறிப்புரைகள் ஆகியவை கணினிக்குத் தேவையில்லை. அவற்றை நீக்குவது முதல் நிலை. நீண்ட மாறிப் பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாக மாற்றுவது இரண்டாம் நிலை. பயன்படாத பகுதிகளை நீக்கி, பண்புகளின் பெயர்களையும் மாற்றுவது மூன்றாம் நிலை. கூகுள் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட குளோசர் கம்பைலரில் இம்மூன்று நிலைகளும் தனித்தனித் தெரிவுகளாக உள்ளன.

தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில், 2011 இல் வெளியான 1.17 பதிப்பு முதல் ரிசோர்ஸ்லோடர் என்னும் பகுதி இவ்வேலையைச் செய்கிறது. அது முதல் நிலையோடு நின்றுவிடுகிறது, பெயர்களை மாற்றுவதில்லை. நிலை உயர உயரக் கோப்பு சிறிதாகும். ஆனால் நிரலர் எண்ணியதற்கும் தொகுப்பி புரிந்துகொண்டதற்கும் இடையே வேறுபாடு தோன்றும் வாய்ப்பும் கூடும்.

பிழையும் எச்சரிக்கையும்

பிழை என்றால் நிரல் மொழியின் இலக்கணம் மீறப்பட்டுள்ளது என்று பொருள். தொகுப்பி மேலே செல்லாது. எச்சரிக்கை அப்படிப்பட்டதன்று. இலக்கணம் சரியாக இருக்கிறது, ஆனால் நிரலர் இதைத்தான் எண்ணினாரா என்பது ஐயம் என்று அது கூறுகிறது. அந்த ஐயத்தைத் தீர்க்க நிரலரால் மட்டுமே முடியும்.

அடிக்கடி வரும் எச்சரிக்கைகள்

1. எட்ட முடியாத வரி: ஒரு செயற்கூறு தன் விடையைத் திருப்பித் தர 'ரிட்டர்ன்' என்னும் சொல் பயன்படுகிறது. அச்சொல்லை ஒரு வரியிலும் விடையை அடுத்த வரியிலும் எழுதினால், ஜாவாஸ்கிரிப்ட் முதல் வரியின் இறுதியில் தானே ஓர் அரைப்புள்ளி இருப்பதாகக் கொள்ளும். செயற்கூறு அங்கேயே முடிந்துவிடும், விடை திரும்பாது. அடுத்த வரியை ஒருபோதும் எட்ட முடியாது என்று தொகுப்பி எச்சரிக்கும். இது பெரும்பாலும் உண்மையான தவறு. விடையையும் அதே வரியில் எழுத வேண்டும்.

2. பயனற்ற வரி: 'தேர்ச்சி = 1;' என்பது மதிப்பை இடுகிறது. 'தேர்ச்சி == 1;' என்பது ஒப்பிட்டுப் பார்த்து, அந்த முடிவை எங்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. இவ்வரியால் எந்த விளைவும் இல்லை என்று தொகுப்பி கூறினால், ஒரு சமக்குறி கூடுதலாக விழுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

3. அறிவிக்கப்படாத மாறி: பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இந்த எச்சரிக்கை வரும். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம். அப்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'மொத்தம்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் குறி, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டோ அவற்றை இருவேறு பெயர்களாகவே கொள்ளும். எழுத்துப்பிழையே இல்லை என்று கண் சொன்னாலும் தொகுப்பி சொல்வதே சரி. பெயரை ஓரிடத்திலிருந்து படியெடுத்து மற்ற இடங்களில் ஒட்டினால் சிக்கல் தீரும். மாறி வேறொரு கோப்பில் அறிவிக்கப்பட்டிருந்தால், இது தவறு ஆகாது. அந்தப் பெயரைத் தொகுப்பிக்குத் தெரிவித்தால் போதும்.

4. கடைசிக் காற்புள்ளி: ஊர்ப் பட்டியல் ஒன்றில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி என எழுதி, இறுதியிலும் ஒரு காற்புள்ளி இட்டால் இன்றைய உலாவிகள் மூன்று ஊர்கள் என்றே எண்ணும். இன்டர்நெட் எக்சுபுளோரர் 8 உம் அதற்கு முந்தைய பதிப்புகளும் நான்கு என்று எண்ணின. அவற்றுக்காகவே இந்த எச்சரிக்கை தோன்றியது. அந்த உலாவிகளுக்காக எழுதாதவர் இதை விட்டுவிடலாம்.

எச்சரிக்கை வராத தவறு

எச்சரிக்கை இல்லாததாலேயே நிரல் சரி என்று முடிவு செய்யக் கூடாது. குளோசர் கம்பைலரின் மூன்றாம் நிலையில், 'மாணவர்.பெயர்' என்று புள்ளியிட்டு எழுதினால் 'பெயர்' என்னும் பண்பு ஓரெழுத்தாக மாறலாம். ஆனால் வழங்கியிலிருந்து வரும் தரவில் அது 'பெயர்' என்றே இருக்கும். இரண்டும் பொருந்தாததால் பக்கத்தில் பெயர் தோன்றாது. மேற்கோள் குறிக்குள் எழுதிய பண்புப் பெயர்களைத் தொகுப்பி மாற்றாது. ஆகவே வெளியிலிருந்து வரும் தரவின் பண்புகளை எல்லா இடங்களிலும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். ஓரிடத்தில் புள்ளி, மற்றோரிடத்தில் மேற்கோள் குறி எனக் கலந்து எழுதினாலும் இதே தவறு நேரும்.

தமிழ் எழுத்துகளும் கோப்பின் அளவும்

'புதுக்கோட்டை' என்னும் சொல்லில் 6 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அவை 12 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு வீதம் 36 பைட்டுகள் ஆகும். குளோசர் கம்பைலர் இயல்பாக ஆங்கில எழுத்துக் குறியீடுகளை மட்டுமே வெளியிடும். எனவே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் 6 பைட்டு கொண்ட விடுபடு குறியாக எழுதும். சொல் 72 பைட்டுகளாகப் பெருகும். சுருக்கப் போய்ப் பெருத்த கதைதான். வெளியீட்டு எழுத்துமுறையை யுடிஎஃப்-8 என அமைத்தால் இது நேராது.

கையாளும் முறை

எச்சரிக்கைகளை முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். ஒரு தவறே பல எச்சரிக்கைகளை எழுப்பலாம். அதில் குறிப்பிடப்படும் வரி எண் மூலக் கோப்புக்கு உரியது என்பதால், திருத்தத்தையும் மூலக் கோப்பிலேயே செய்ய வேண்டும். தேவையற்றது எனத் தெளிந்த எச்சரிக்கையை அந்த இடத்திற்கு மட்டும் நிறுத்தி, காரணத்தைக் குறிப்புரையாக எழுதி வைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தினால், நாளை வரும் உண்மையான தவறும் தெரியாமல் போகும். இறுதியாக, மூலக் கோப்பைச் சோதித்ததோடு நில்லாமல், சுருக்கிய கோப்பையும் உலாவியில் இயக்கிப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும். பயனரிடம் சென்று சேர்வது அந்தக் கோப்பே.