உள்ளங்கை நட்சத்திரம்: பாராட்டு, கூலி, அங்கீகாரம்

வல்லம் வடகாலில் சிப்காட் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. வேனிலிருந்து இறங்கி வந்த நாலரை வயதுப் பையன் சாப்பாட்டுக்குக் கை கழுவ மாட்டேன் என்று நிற்கிறான். அவன் உள்ளங்கையில் மிஸ் சிவப்பு மையால் போட்ட நட்சத்திரம் இருக்கிறது. கழுவினால் போய்விடும். அம்மாவுக்கு மின்னணு ஆலையில் இரண்டாவது ஷிப்டு. கம்பெனி பஸ் வர இருபது நிமிடம்தான் பாக்கி. 'கையக் கழுவுனா ஒரு சாக்லேட்டு தரேன்' என்றார். பையன் நட்சத்திரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு 'ரெண்டு' என்றான். ஒப்பந்தத் தொழிலாளியான அப்பா சிரித்துவிட்டார். 'இவன யூனியன்ல சேத்துடலாம்ணா' என்று என்னிடம் சொன்னார்.

ஒரு பரிசை அழிக்க இன்னொரு பரிசு. அதற்கும் பேரம். இன்றைக்குப் பெற்றோர் கூட்டங்களிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் 'பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பாராட்டுகிறோமா?' என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இந்தக் கேள்வியின் அமைப்பே கோளாறானது என்று எனக்குப் படுகிறது. பாராட்டை எண்ணெய், உப்பு மாதிரி அளந்து போடும் சரக்காக அது பாவிக்கிறது. யார், யாரை, யார் முன்னால், என்ன நிபந்தனையின் பேரில் பாராட்டுகிறார் என்பதை அது கேட்பதில்லை. அதிகாரம் இயங்குகிற இடமோ அதுதான்.

உள்ளங்கையில் எழுதுவது கான்வென்ட் பள்ளிகள் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மாவட்டந்தோறும் அறிக்கை கேட்டார். பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. காம்ப்பெல் 1823இல் அனுப்பிய பதிலில் ஒரு காட்சி இருக்கிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும். (தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பில் இந்த அறிக்கை முழுசாகவே இருக்கிறது. நமது பழைய கல்வி பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அந்தத் தொகுப்பை அடிக்கடி காட்டுவார்கள். இந்தப் பகுதியை மட்டும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள்.)

இங்கே கவனிக்க வேண்டியது, பரிசும் அடியும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளாக இருப்பது. முதல்வன் கையில் சரஸ்வதி இருப்பதால்தான் பத்தாமவன் கையில் தழும்பு இருக்கிறது. ஃபூக்கோ 1975இல் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் ராணுவப் பள்ளியைக் காட்டுவார். அங்கே 'மிக நல்ல' மாணவர்களுக்கு வெள்ளித் தோள்பட்டை. மோசமானவர்களுக்குப் பழுப்புக் கம்பளி. தரம் உடம்பின் மேல் தைக்கப்படுகிறது. பெல்லாரியில் அது எழுதப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கதைக்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. 1789இல் எழும்பூர் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நமது திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் சட்டாம்பிள்ளை முறையையும் எடுத்துக்கொண்டார். 1797இல் அதைப் புத்தகமாக்கினார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து போனது. 1798இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த ஜோசப் லங்காஸ்டர் அதே பாணியை விரித்து, பிரம்புக்குப் பதிலாகப் பதக்கங்களையும் பரிசுச் சீட்டுகளையும் பொம்மைகளையும் கொண்டுவந்தார். சீட்டு சேர்த்தால் பட்டம், பந்து, மட்டை கிடைக்கும். மனிதாபிமானி என்று பெயர் வாங்கினார். ஆனால் அவருடைய பள்ளியில் தப்பு செய்த பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நம் திண்ணைப் பள்ளியின் கோதண்டத்துக்கும் அதற்கும் என்ன தூரம்? ஆலைத் தொழில் பெருகிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மணியடித்து நடத்திய பள்ளியில்தான் சேர்த்து வைத்து மாற்றிக்கொள்ளும் பரிசுச் சீட்டு செழித்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

உளவியல்காரர்கள் இந்த விஷயத்தைச் சோதித்திருக்கிறார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்தது எளிமையான ஏற்பாடு. வண்ணப் பேனாவால் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் 'படம் போட்டால் நல்ல விளையாட்டுக்காரர் விருது தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்த விருதில் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் இருந்தன. இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு அதே விருதைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருது எதுவுமில்லாத சும்மா விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, முதல் குழுப் பிள்ளைகள் படம் போடச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான்.

இதை 'பரிசு கெடுக்கும்' என்று சுருக்கிப் படிப்பதுதான் வழக்கம். அப்படியானால் இரண்டாவது குழு ஏன் கெடவில்லை? அதே நட்சத்திரம், அதே ரிப்பன். முதல் குழுவுக்கு மட்டும் முன்கூட்டிய ஒரு வாக்கியம் இருந்தது: 'செய்தால் தருவேன்.' அந்த வாக்கியத்துக்குத் தமிழில் பழைய பெயர் கூலி ஒப்பந்தம். அது வந்த கணத்தில் படம் போடுவது வேலையாகிறது. கூலி இல்லாத நாளில் யாராவது வேலைக்குப் போவார்களா? அந்தப் பிள்ளைகள் ஆர்வத்தை இழக்கவில்லை, அவர்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். 'ரெண்டு' என்று கேட்ட வல்லம் பையனுக்கும் புரிந்திருக்கிறது. (எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கேமரனும் பியர்ஸும் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, பரிசால் பெரிய தீங்கு இல்லை, வாய்ப்பாராட்டு நல்லதே செய்கிறது என்றார்கள். டெசி, கோஸ்ட்னர், ரையன் 1999இல் அதை மறுத்தார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட அந்த ஒற்றை வாக்கியம் முக்கியமாகப் படுகிறது.)

இப்போது அம்மாவின் ஆலைக்குப் போவோம். அங்கே சுவரில் 'இம்மாதத்தின் சிறந்த ஊழியர்' படம் இருக்கிறது. யோசனை சொன்னால் சான்றிதழ், லீவு எடுக்காமல் வந்தால் வருகைப் படி, குறி எட்டிய லைனுக்குக் கேக். போன வருஷம் தனக்குக் கிடைத்த பதக்கத்தை அந்த அம்மா பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே பையனின் 'பெஸ்ட் ஈட்டர்' கோப்பை. மீதம் வைக்காமல் சாப்பிட்டதற்காகக் கொடுத்தது! 'ரெண்டும் ஒரே கடையில வாங்கியிருப்பாங்க போல' என்றார். அவர் கேலியாகச் சொன்னதை நான் கோட்பாடாக எடுத்துக்கொள்கிறேன்.

இதே ஊரில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706 கோடிக்கு மேல். இந்த வட்டார மின்னணு ஆலைகளுக்கு வரும் இருபது, இருபத்தொரு வயதுப் பெண்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எங்கே எழுத்துக் கற்றார்கள் என்று யோசித்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் தமிழகம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் படித்த பிள்ளைகள் அவர்கள். அட்டை, ஏணிப்படி, சுவரின் அடியில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி. பிள்ளையே தன் வருகையைக் குறித்துக்கொள்ளும், தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளும். கம்பிப் பந்தலில் எல்லாருடைய படமும் தொங்கும், முதல் பரிசுப் படம் மட்டும் அல்ல. அட்டைச் சுமையைப் பற்றி ஆசிரியர்கள் வைத்த குறைகள் நியாயமானவையே. இருந்தாலும் ரேங்க், நட்சத்திரம், கைதட்டு இல்லாமல் ஒரு வகுப்பறை நடக்க முடியும் என்று அரசே நடத்திக் காட்டிய சில வருஷங்கள் அவை. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். இந்த மூன்றில் எது மேல் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வல்லத்துக்குப் பக்கத்தில் சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி, வேலை நேரம் எல்லாம் கோரிக்கையில் இருந்தாலும் நடுநாயகம் ஒன்றுதான்: எங்கள் சங்கத்தை அங்கீகரி. நடுவில் அக்டோபர் 7ஆம் தேதி நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவுடன் ஒப்பந்தம் போட்டு, 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. சங்கத்தினர் திரும்பவில்லை. 15ஆம் தேதிதான் போராட்டம் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஐயாயிரம் அந்தக் குடும்பங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஊக்கத்தொகை வேறு, அங்கீகாரம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாராட்டில் அளவுகோல் கொடுக்கிறவன் கையிலேயே இருக்கும், அவன் நினைத்தால் கொடுக்கலாம், மார்ச்சோடு நிறுத்தலாம். அங்கீகாரத்தில் எதிரில் நிற்பவருக்கும் அளவுகோல் உண்டு என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இதுவரை படித்த தோழர்கள் ஒருவர் மறுக்கக்கூடும்: 'சரி, மிகையான பாராட்டு யாருடைய பிரச்சினை? சேரிப் பிள்ளையை எந்த வாத்தியார் மிகையாகப் பாராட்டினார்?' நியாயமான கேள்வி. பாமாவின் 'கருக்கு' (1992) நினைவிருக்கும்: விழுந்த தேங்காய்க்காகத் தலைமையாசிரியரிடம் திருட்டுப் பட்டம் வாங்கிய பிள்ளை. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடப்படாத பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் அதிகமாகிவிடாது. ஆனால் பரிசு அங்கேயும் நடுநிலையாக இறங்குவதில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்தில் 642 பையன்களிடம் செய்த சோதனை 2006இல் வெளியானது. காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர், தீர்த்தால் காசு. சாதி தெரியாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகத் தீர்த்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்த பிறகு தலித் பையன்களின் தீர்வுகள் கணிசமாகக் குறைந்தன. காசு அதே காசு. மேடையில் பெயர் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கும் நம் ஆண்டுவிழாக்களை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பரிதாபப் பாராட்டும் இந்த வகைதான். புரும்மெல்மான் குழுவினரின் 2014 ஆய்வில், தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளைத்தான் பெரியவர்கள் 'அற்புதம், அபாரம்' என்று ஊதிப் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் அதற்கப்புறம் சுலபமான படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அபாரத்தைத் திரும்பத் திரும்ப யாரால் தர முடியும்?

நம் வீடுகளில் வேறொரு மரபும் இருந்தது. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணு பட்டுடும் என்பார்கள், கன்னத்தில் கருப்புப் பொட்டு வைப்பார்கள். ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, யாரை எங்கே புகழலாம் என்று பட்டியல் போடுகிறது: பிள்ளைகளை மனசுக்குள், வேலை செய்கிறவனை வேலை முடிந்த பின். பிள்ளையும் வேலையாளும் ஒரே பட்டியலில் வருவது ஆச்சரியம்தான். இரண்டும் ஆண்டான் வீட்டுக் கணக்கு என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பக்தி இல்லை. மனசுக்குள்ளேயே வைத்துச் செத்துப்போன அப்பன்களையும் நமக்குத் தெரியும். ஆனாலும் வேலை முடிவதற்கு முன்னாலேயே விலை பேசிவிடும் இன்றைய ஏற்பாடு அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

அந்தச் சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டதும் அம்மா ஒரு சாக்லேட்டையும் கொடுக்காமலேயே ஓடிவிட்டார். பையன் இடது கையால் சாப்பிட முயன்று, சோறு சிந்தி, அப்பாவிடம் திட்டு வாங்கினான். பிறகு எதுவும் பேசாமல் தொட்டிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். நான் அவனிடம் அந்த நட்சத்திரம் எதுக்குக் குடுத்தாங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெறும் கையைப் பார்த்தான்.

'தெரில மாமா. பேசாம உக்காந்திருந்தேன்.'