எருசலேமின் கற்கள் கூறும் வரலாறு

உலகில் பழம்பெரும் நகரங்கள் பல உள. அவற்றுள் யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூன்று சமயத்தாரும் ஒருங்கே புனிதமெனப் போற்றும் நகரங்களுள் தலைசிறந்தது எருசலேம். மத்தியதரைக் கடலுக்கும் சாக்கடலுக்கும் இடையே, கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், யூதேயக் குன்றுகளின்மீது அந்நகர் அமைந்துள்ளது. மதில் சூழ்ந்த பழைய நகரின் பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவேயாம். ஆயினும், அச்சிறு பரப்பிற்குள் மூவாயிரம் ஆண்டு வரலாறு அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கின்றது.

இத்தகைய நகரைக் காணச் செல்லும் பயணி, கண்ணால் காண்பதோடு அமைதல் கூடாது. "இஃது எக்காலத்தது? இதனை எழுப்பியவர் யாவர்? இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது?" என்னும் வினாக்களையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். அங்ஙனம் வினவுவார்க்கு எருசலேமின் கற்கள் தக்க விடை கூறுகின்றன. சில கற்கள் பழைய நூல்களின் கூற்றை உறுதி செய்கின்றன. சில கற்கள் நாம் நெடுநாள் நம்பியதைத் திருத்துகின்றன.

முதற்கண் ஒரு நீர்ச்சுரங்கத்தைக் காண்போம். எருசலேமில் ஆறு இல்லை. பண்டை நாளில் அவ்வூரார் நம்பி வாழ்ந்தது, கீதரோன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுரக்கும் கீகோன் என்னும் ஊற்றையே. இவ்வூற்று குன்றின் அடிவாரத்தில் இருந்தது. மக்கள் வாழ்ந்த நகரோ குன்றின்மேல் இருந்தது. பகைவர் முற்றுகையிட்டால் தண்ணீருக்கு வழியென்ன? கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா மன்னனை இவ்வினா வாட்டியது. அசீரியப் பேரரசு வடக்கிலிருந்த இசுரவேல் நாட்டை முன்னரே விழுங்கிவிட்டது. அடுத்த படையெடுப்பு தன் நாட்டின் மேலதே என்பதை அவன் உணர்ந்தான். எனவே, ஊற்று நீரை மலையின் வயிற்றினூடே மதிலுக்குள் கொண்டுவரத் துணிந்தான்.

அவ்வாறு குடைந்த சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். அது நேர்க்கோட்டில் செல்லாமல் பாம்புபோல் வளைந்து செல்கின்றது. தொழிலாளர் இரு குழுவாகப் பிரிந்து, இரு முனைகளிலிருந்தும் உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையைக் குடைந்தனர். திசைகாட்டும் கருவி ஏதும் அவர்களிடம் இல்லை. அங்ஙனமிருந்தும் இரு குழுவினரும் மலையின் நடுவே சந்தித்தனர். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. சுரங்கத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டரே. அவ்வளவு சிறிய சரிவில் நீர் தங்குதடையின்றி இன்றும் ஓடுகின்றது. பாறையிலிருந்த இயற்கை வெடிப்பைப் பின்பற்றினர் என்பர் சிலர்; மேலிருந்து தட்டிய ஒலியைக் கேட்டு வழியறிந்தனர் என்பர் வேறு சிலர். அறிஞர்களிடையே இது குறித்து இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

இச்சுரங்கத்தினுள் பயணிகள் இப்போதும் நடந்து செல்லலாம். கையில் விளக்கு வேண்டும். உடை நனைவதற்கும் உடன்பட வேண்டும். தொடக்கத்தில் நீர் தொடையளவு ஏறும். பின்னர்க் கணுக்காலளவாகக் குறையும். சில இடங்களில் இருவர் ஒருங்கே நடக்க இயலாது. சில இடங்களில் குனிந்தே செல்ல வேண்டும். சுவரைத் தடவினால் பண்டைத் தொழிலாளரின் உளித்தழும்புகள் விரலுக்குத் தென்படும். இரு குழுவினரும் சந்தித்த இடத்திற்கருகில் சுரங்கம் இங்குமங்கும் திரும்பித் தடுமாறுகின்றது. ஒருவரை ஒருவர் தேடிய தேட்டம் அப்பாறையில் அப்படியே பதிந்துள்ளது.

1880ஆம் ஆண்டில், சீலோவாம் குளத்தின் பக்கமாகச் சுரங்கத்துள் நுழைந்த பள்ளி மாணவன் ஒருவன், சுவரில் எழுத்துகள் இருப்பதைக் கண்டான். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகளாக அமைந்த கல்வெட்டு அது. மன்னர்தம் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னர் புகழையே பாடும். இக்கல்வெட்டிலோ மன்னன் பெயரே இல்லை. இன்னும் மூன்று முழமே எஞ்சியிருந்தபோது ஒரு பக்கத்தார் குரல் மறு பக்கத்தாருக்குக் கேட்டதையும், உளியோடு உளி எதிர்ப்பட்டதையும், பின் 1200 முழம் நீர் பாய்ந்தோடியதையும் அது கூறுகின்றது. அஃது உழைத்தவரின் கல்வெட்டு. பின்னாளில் திருடர் சிலர் அதனைப் பாறையிலிருந்து பெயர்த்தனர். அப்போது அது பல துண்டுகளாக உடைந்தது. மீட்கப்பட்ட துண்டுகள் இன்று இசுதான்புல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

எசேக்கியா நீரை நகருக்குள் கொணர்ந்தான் என்று விவிலியம் கூறுகின்றது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே கூறுவதை மட்டும் கொண்டு வரலாற்றை முடிவு செய்தல் தகாது. பகைவர் கூற்றையும் கேட்டல் வேண்டும். நற்பேறாக அதுவும் நமக்குக் கிடைத்துள்ளது. கி.மு. 701இல் யூதாவின்மேல் படையெடுத்த அசீரிய மன்னன் சனகெரிப், தன் வெற்றிகளைச் சுடுமண் பட்டகங்களில் எழுதுவித்தான். அரண்சூழ் நகரங்கள் 46ஐ வென்றதாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுள் அடைத்ததாகவும் அதில் பெருமை பேசுகின்றான். லாகீசு என்னும் ஊரை அவன் அழித்த காட்சி, நினிவே நகர அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது; அதனை இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால், எருசலேமைப் பிடித்ததாக அவன் எவ்விடத்தும் கூறவில்லை. தோல்வியை எழுதும் வழக்கம் அக்கால மன்னர்க்கு இல்லை. அவன் கூறாது விட்டதே நமக்குச் சான்றாகின்றது.

இரு தரப்பாரும் திறைப்பொருளின் கணக்கையும் தருகின்றனர். பொன் முப்பது தாலந்து என்பதில் இருவர் கூற்றும் ஒத்திருக்கின்றன. வெள்ளி முந்நூறு தாலந்து என்கிறது விவிலியம். எண்ணூறு என்கிறான் சனகெரிப். இவ்வேறுபாட்டைக் கண்டு நாம் மயங்க வேண்டுவதில்லை. பகைவர் இருவர் தனித்தனியே எழுதிய செய்தி பெரும்பகுதி ஒத்திருப்பதே அந்நிகழ்ச்சி உண்மையென்பதைக் காட்டும். சுரங்கத்தின் காரையில் சிக்கியிருந்த செடித் துணுக்குகளை ஆராய்ந்து, அது கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தது என 2003இல் அறிவியலாரும் உறுதிப்படுத்தினர்.

அடுத்துக் காணத்தக்கது மேற்குச் சுவர். இதனைப் பழைய கோயிலின் சுவரென்றே பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஏரோது மன்னன் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் யூதரின் கோயிலைப் புதுப்பித்தபோது, கோயில் நின்ற மேட்டை விரிவாக்க எண்ணினான். அதற்காகச் சுற்றிலும் எழுப்பிய தாங்குசுவரின் மேற்குப் பகுதியே இது. கி.பி. 70இல் தீத்து என்பான் தலைமையில் வந்த உரோமப் படை கோயிலை எரித்துத் தரைமட்டமாக்கியது. கோயிலின் ஏழுகிளை விளக்கை உரோமர் சுமந்து செல்லும் காட்சியை உரோம் நகரிலுள்ள தீத்து வளைவில் இன்றும் காணலாம். எஞ்சிய தாங்குசுவரே யூதர்க்கு வழிபாட்டிடமாயிற்று. நாடிழந்து பல தேசங்களில் சிதறி வாழ்ந்த காலத்தும், அவர்கள் எருசலேமை நோக்கியே தொழுதனர். கோயில் அழிந்த நாளை ஆண்டுதோறும் நோன்பிருந்து நினைத்தனர்.

சுவரின் அடிவரிசைக் கற்கள் மிகப் பெரியவை. அவற்றின் ஓரங்களில் மெல்லிய சட்டம்போல் செதுக்கியிருப்பது ஏரோது காலச் சிற்பியரின் அடையாளம். மேலே செல்லச் செல்லக் கற்கள் சிறுத்துக்கொண்டே போகும். அவை பிற்காலத்தார் சேர்த்தவை. கல்லின் அளவைக்கொண்டே காலத்தைப் படிக்கலாம். இச்சுவரை அணுகும் ஆடவர், எச்சமயத்தாராயினும், தலையை மூடிக்கொள்ளுதல் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள். அப்போது அங்கே எழுதுவதோ படம் பிடிப்பதோ கூடாது. வேண்டுதலைச் சிறு தாளில் எழுதிக் கற்களின் இடுக்கில் செருகுவது வழக்கம். அத்தாள்களை ஆண்டுக்கு இருமுறை திரட்டி, ஒலிவ மலையில் புதைக்கின்றனர்.

ஏரோது புதுப்பித்த கோயிலுக்கும் முற்பட்டது சாலொமோன் கட்டியதாக விவிலியம் கூறும் கோயில். அதன் எச்சமென்று ஐயமறக் காட்டத்தக்கது எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஆயினும், சாலொமோனைப் பற்றிய பகுதியில் தமிழர் கருத்தைக் கவரும் சொல் ஒன்றுண்டு. அவனுடைய கப்பல்கள் தொலைநாட்டிலிருந்து பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொணர்ந்தன என்று அந்நூல் கூறும். அங்கு மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல், 'தோகை' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது என்று கால்டுவெல் முதலிய மொழியறிஞர் கருதினர்.

நகரின் மேற்கு வாயிலருகே 'தாவீதின் கோபுரம்' என்னும் கோட்டை உள்ளது. தாவீது மன்னன் அதனைக் கண்டதே இல்லை. அதன் மிகப் பழைய பகுதிகளே அவனுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. பெயர் ஒன்று, பொருள் வேறு. மக்கள் அன்பினால் வைத்த பெயரை நாம் இகழ வேண்டா. ஆனால், பெயரையே சான்றாகக் கொள்ளவும் வேண்டா.

எருசலேமிலிருந்து கிழக்கே இறங்கினால் சாக்கடலை அடையலாம். அதன் கரை கடல் மட்டத்திற்கு 430 மீட்டருக்கும் மேற்பட்ட தாழ்வில் உள்ளது. அங்குள்ள கும்ரான் மலைக்குகை ஒன்றில், 1946-47 குளிர்காலத்தில், ஆடுமேய்க்கும் பதவியர் சிலர் மட்சாடிகளையும் அவற்றுள் தோற்சுருள்களையும் கண்டனர். பின்னர்ப் பதினொரு குகைகளில் தேடியதில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் சுவடிகளின் பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் முழுமையாகக் கிடைத்த ஏசாயா நூற்சுருள் ஏழு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. அதுவரை அறியப்பட்டிருந்த எபிரேயப் படிகளைவிட அஃது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழைமையானது. அறிஞர் இரண்டையும் ஒப்பிட்டனர். எழுத்துக் கூட்டிலும் சிறு சொற்களிலும் வேறுபாடுகள் இருந்தன. எனினும், நூல் பெரும்பாலும் மாறாமலே வந்திருந்தது. ஓராயிரம் ஆண்டு பெயர் தெரியாத எழுத்தாளர் பலர் கண்ணும் கருத்துமாய்ப் படியெடுத்ததன் பயன் அது. எருசலேமில் 1965இல் திறக்கப்பட்ட சுவடிக் கூடத்தில் இச்சுருள்களைக் காணலாம். ஏசாயாச் சுருளைப் பொறுத்தவரை, மூலம் கெடாதிருத்தற்பொருட்டு அதன் படியே பெரும்பாலும் காட்சிக்கு வைக்கப்படுகின்றது.

எருசலேமில் ஒரு சமயத்தாரின் சின்னத்தை மட்டும் தனியே பிரித்துக் காண இயலாது. மேற்குச் சுவருக்கு மேலுள்ள மேட்டில் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும் அல் அக்சா பள்ளிவாசலும் உள்ளன. சிறிது தொலைவில், இயேசுவின் கல்லறை இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் கிறித்தவர்தம் திருக்கோயில் நிற்கின்றது. அதன் கதவுச் சாவியைப் பல நூற்றாண்டுகளாக ஓர் இசுலாமியக் குடும்பத்தார் காத்து வருகின்றனர்.

இந்நகரின் உரிமை பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. 1948இல் நிகழ்ந்த போரால் நகர் இரண்டாகப் பிளவுபட்டது. பழைய நகரை யோர்தான் ஆண்ட அந்நாளில் யூதர் மேற்குச் சுவரை அணுக இயலவில்லை. 1967இல் இசுரேல் அதனைக் கைப்பற்றியது. சுவரின் முன் இப்போதுள்ள அகன்ற முற்றம், அங்கிருந்த மொராக்கோக் குடியிருப்பு அவ்வாண்டில் இடிக்கப்பட்டதனால் உண்டானது. எசேக்கியாவின் சுரங்கம் செல்லும் குன்றின்மேல் இன்று சில்வான் ஊரின் அரபு மக்கள் வீடுகள் நிற்கின்றன. எசேக்கியா காலத்தும் நகரின் மதிலை வலுப்படுத்த வீடுகள் இடிக்கப்பட்டன என்கிறது ஏசாயா நூல். அகழ்ந்து கண்ட ஏழு மீட்டர் அகல மதிலொன்று, பழைய வீடுகளின் மேலேயே எழுப்பப்பட்டிருந்தது.

இங்கே ஒவ்வொரு கல்லும் ஒருவர்க்குப் பெருமை, மற்றொருவர்க்குத் துயரம். ஆதலின், இங்குக் கல்லைப்பற்றிப் பொய் கூறுவது எளிய குற்றமன்று. பிழையான வரலாறு மக்களிடையே பகையை வளர்க்கும். உள்ளதை உள்ளவாறு அறிதலும், அறியாததை அறிந்ததாகக் கூறாமையும், பிறர் தொழும் இடத்தில் பணிவுடன் நிற்றலும் பயணிக்கு வேண்டிய பண்புகள். இரு முனைகளிலிருந்து குடைந்து வந்தோர், இடையிலிருந்த பாறை மெலியவே ஒருவர் குரலை மற்றவர் கேட்டனர் என்பது அச்சுரங்கக் கல்வெட்டின் செய்தி. அக்குரலைக் கேட்கும் செவி எருசலேமுக்கு இன்றும் வேண்டப்படுகின்றது.