ஏரியோடு ஏறியிறங்கும் வெந்நீர்க் குளம்

ஜப்பானின் வடகோடிப் பெருந்தீவாகிய ஹொக்கைடோவில் ஷிகோட்ஸு என்னும் மலையேரி உளது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் பேரெரிமலை ஒன்று வெடித்து, நிலம் உள்வாங்கியதால் உண்டான இவ்வேரியின் ஆழம் 360 மீட்டர். கோடை வெப்பத்தைத் தன்னுள் சேமித்து வைப்பதால், கடுங்குளிரிலும் இது உறைவது அரிது.

இதன் வடகரையில், எனிவா மலையடிவாரத்தில், மருகோமா என்னும் வெந்நீர் ஊற்று விடுதி 1915-இல் தோன்றியது. சாலை அமையுமுன் படகேறியே அதனை அடைய வேண்டியிருந்தது. மழைநீரும் பனிநீரும் நிலத்துள் ஊறி, எரிமலைப் பாறைகளின் உஷ்ணத்தால் காய்ந்து, வெடிப்புகளின் வழியே மேலெழுகின்றன. கரையோரக் குளத்தின் அடியில், கற்களின் இடுக்கிலிருந்து அவ்வெந்நீர் குமிழியிட்டு வருவதைக் காணலாம்.

இக்குளம் ஏரியுடன் தொடர்புடையது என்பதே இதன் சிறப்பு. ஏரி உயர்ந்தால் குளமும் உயரும்; ஏரி தாழ்ந்தால் தானும் தாழும். வகுப்பில் கண்ணாடிக் குழாய்களை இணைத்து ஆசிரியர் விளக்கும் விதியை, இங்கே நீராடுவோர் தம் உடம்பாலேயே அளந்தறிகின்றனர். (மாணவர் மறவாத பாடம் இத்தகையதே!) ஒரு பருவத்தில் அமர்ந்து குளிக்கும் இடத்தில், மற்றொரு பருவத்தில் நின்றே குளிக்க நேரும். ஆகவே நீந்தத் தெரியாதவரும் சிறுவரும் அன்றைய ஆழத்தைக் கேட்டறிந்த பின்னரே இறங்குதல் வேண்டும். சென்ற முறை கண்ட ஆழத்தை நம்பலாகாது.