சொல்லிச் செய்த பொருளை வேண்டாம் என்றால்

வாசல் கதவு, சமையலறை அலமாரி, மணப்பெண்ணின் ரவிக்கை, கல்யாணப் பத்திரிகை போன்றவை வாங்குபவர் சொன்ன அளவிலும் வடிவிலும் செய்யப்படுபவை. கடையில் அடுக்கியிருக்கும் பொருளை ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். ஒரு வீட்டு நிலைக்கு இழைத்த கதவு இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. அதனால்தான் இத்தகைய ஆர்டரை ரத்து செய்பவரின் பொறுப்பு கூடுகிறது.

ஒப்பந்தம் எப்போது உருவாகிறது?

அளவும் விலையும் பேசி, செய்து தருபவர் சம்மதித்ததுமே ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே; ரசீது இல்லை என்பதற்காக அது செல்லாமல் போகாது. அவர் சம்மதிக்கும் வரை வாங்குபவர் தடையின்றிப் பின்வாங்கலாம். அதன்பின் மனம் மாறியது, வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தது என்பவை சட்டம் ஏற்கும் காரணங்கள் அல்ல.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவின்படி, ரத்தால் இயல்பாக விளைந்த நட்டத்தை வாங்குபவர் ஈடுசெய்ய வேண்டும். வாங்கிய மரத்தின் விலை, செய்த வேலைக்கான கூலி, கைநழுவிய நியாயமான லாபம் ஆகியவை இதில் அடங்கும். நட்டத்தைக் குறைக்க இருந்த வழிகளும் கணக்கில் சேரும். வேறு வேலைக்கு உதவக்கூடிய பலகையின் மதிப்பைக் கழித்துத்தான் தச்சர் கேட்க முடியும்.

ரத்து செய்த நேரத்தைப் பொறுத்துத் தொகை மாறும். மரம் அறுக்கும் முன்பே சொல்லிவிட்டால் நட்டம் குறைவு. வேலை முடிந்தபின் பொருளை ஏற்க மறுத்தால், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்டு விற்பவர் வழக்குப் போடலாம். பொருளின் உரிமை ஏற்கெனவே வாங்குபவருக்கு மாறியிருந்தால், 55-ஆம் பிரிவின்படி முழு விலையையே கேட்கலாம். தயாரான பொருளை எடுத்துச் செல்லச் சொல்லியும் உரிய காலத்துக்குள் வராவிட்டால், அதைப் பாதுகாத்த செலவும் வாங்குபவர் தலையில் விழும்.

முன்பணம் என்னவாகும்?

ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுத்த அச்சாரம் நியாயமான அளவில் இருந்தால், விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த முன்பணம் அப்படியல்ல. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றது என்கிறது.

தவறு விற்பவருடையதானால்?

சொன்ன அளவிலோ காட்டிய மாதிரியின்படியோ பொருள் இல்லாவிட்டால் வாங்குபவர் அதை மறுக்கலாம். முகூர்த்தத்துக்குள் தேவை என்று தெளிவாகப் பேசிய உடை அந்த நாளுக்குள் வராவிட்டாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். இந்நிலையில் வாங்குபவர் இழப்பீடு தர வேண்டியதில்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. விற்பவர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

ரத்து செய்ய முடிவெடுத்தவர் அன்றே எழுத்தில் தெரிவித்து, வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுவரை ஆன செலவுக்குக் கணக்குக் கேட்டு, தீர்த்ததற்கு ரசீது வாங்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே அளவு, தேதி, ரத்து விதி மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் பெரும்பாலான தகராறுகள் எழாது. கைத்தொழில் செய்பவரின் முதல் சிறிது. வாங்குபவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம். ரத்து செய்வதென்றால் உடனே சொல்லிவிட வேண்டும்.