கெமராவின் முன்னால் நம்முடைய உடுப்பு

புகைப்பட வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற ஒரு பெண் காலமானது நம்முடைய டிக்கோயாவில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜூலியா மார்கரட் கெமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கெமராவை வைத்துக்கொண்டு படமெடுக்கப் பழகினார். கணவருக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்தபடியால் 1875இல் இங்கு வந்து குடியேறினார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவின் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் அவருடைய உயிர் பிரிந்தது. பொகவந்தலாவையில் உள்ள சென். மேரிஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற, அபாயா தைக்கிற, மருதாணி போடுகிற, பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற நம்முடைய ராத்தாமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் இன்று ஒரு படம் தேவைப்படுகிறது. முகநூல் பக்கத்துக்கு, வட்ஸ்அப்புக்கு, கேக் பெட்டியில் ஒட்டும் லேபலுக்கு. முன்பின் அறியாத ஒருவருக்கு முற்பணம் அனுப்பப் போகிறவர், அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தானே செய்வார்? அந்தப் படத்துக்கு என்ன உடுத்துவது என்பதுதான் இங்கே விடயம். கெமரன் எடுத்த இரண்டு வகைப் படங்கள் அதை விளங்கிக்கொள்ள மிகவும் உதவும்.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரியன் நோர்த் என்ற ஆங்கிலேய ஓவியர் களுத்துறையில் இருந்த கெமரன் வீட்டுக்கு வந்தார். உலகமெல்லாம் பயணம் செய்து செடிகொடிகளை வரைந்த பெண் அவர். அவரைப் படம் எடுக்க வேண்டும் என்று கெமரனுக்கு ஆசை. கம்பளித் துணியை மேலெல்லாம் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையில் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இருக்கும்படியும் சொன்னார். அன்றைய வெப்பம் 96 பாகை பரனைட்! பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் வீணானதுதான் மிச்சம் என்று நோர்த் தம் நினைவுக் குறிப்பில் சிரிப்போடு எழுதியிருக்கிறார். அதே நாட்களில் கெமரன் எடுத்த இன்னொரு படமும் உண்டு. அதில் நோர்த் விறாந்தையில் தம்முடைய ஓவியச் சட்டத்தின் முன் நின்று வரைந்துகொண்டிருக்கிறார். போர்வை இல்லை, வேடம் இல்லை. தம் தொழிலைச் செய்கிற ஒரு பெண். பார்த்தவுடன் இவர் யார் என்று புரிந்துவிடுகிறது.

அடுத்த வகைப் படங்கள் நம்மைக் கொஞ்சம் சுடும். இலங்கையில் கெமரன் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இந்நாட்டுச் சாதாரண மக்களின் படங்கள். அவர்களுடைய பெயர்கள் இல்லை. "களுத்துறைக் குடியானவர்கள்" என்ற 1878ஆம் ஆண்டுப் படத்தின் குறிப்பில், சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும் அருகில் உள்ள கிழவர் தமக்கு வயது நூறு என்று சொல்வதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார்கள், பெயர் பதிவாகவில்லை. மலையகத்தின் கதையும் இதுதான். 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்கள் வாங்கிய பிறகு, கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் அவருடைய தேயிலை விளம்பரங்களில் வரத் தொடங்கியது. இன்றைக்கும் ஹட்டன் பாதையில் பஸ்ஸை நிறுத்தி அந்தப் பெண்களைப் படம் பிடிக்கிறவர்கள் உண்டு. இடுப்பில் கட்டிய படங்கும் முதுகில் தொங்கும் கூடையும் உலகத்துக்கே தெரியும். ஆளைத் தெரியாது.

லிப்டன் தமக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொண்டார். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னேறியவர் அவர். பிற்காலத்தில் பாய்மரப் படகுப் போட்டியில் பித்துப் பிடித்து, 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை அமெரிக்கக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டு ஐந்து தடவையும் தோற்றார். ஆனால் படகோட்டிகளின் தொப்பியோடு கூடிய அவருடைய முகம் அமெரிக்காவில் விற்கும் தேயிலைப் பெட்டிகளில் ஏறிவிட்டது. வருடக்கணக்காக ஒரே தோற்றம். தொப்பியைக் கண்டதும் தேயிலை நினைவுக்கு வந்தது. கிண்ணம் கிடைக்காவிட்டால் என்ன, வியாபாரம் கிடைத்ததே!

ஒரே படத்தொழிலில் ஒருவர் தம்முடைய உடையைத் தாமே தெரிவு செய்தார். மற்றவருக்கு வேறு யாரோ தெரிவு செய்தார்கள். இன்று தன் தொழிலுக்காகக் கெமராவின் முன்னால் நிற்கிற பெண்ணுக்கு அந்தத் தெரிவு தன் கையில் கிடைத்திருக்கிறது. அதைப் படம் எடுப்பவரிடமோ, "இந்தக் கலர்தான் இப்போது ஓடுகிறது" என்று சொல்லும் கடைக்காரரிடமோ கொடுத்துவிடத் தேவையில்லை.

படத்துக்கென்று புது உடுப்பு வாங்குவதுதான் பலரும் முதலில் நினைப்பது. அது வேண்டாம் என்பது என் கருத்து. புதிய அபாயாவின் கையிடுக்கு எங்கே இறுக்கும், புதிய ஷோல் எத்தனை நிமிடத்தில் வழுக்கும் என்பது நமக்குத் தெரியாது. ஒரு கை எப்போதும் கழுத்தடியைச் சரிசெய்துகொண்டே இருக்கும், கண் அங்கேயே போகும். அந்தப் பதற்றத்தைக் கெமரா மறைக்காது. ஏற்கெனவே மூன்று நான்கு தடவை உடுத்தி, அதில் குனிந்து நிமிர்ந்து, பஸ் ஏறி இறங்கிப் பழகிய உடுப்புத்தான் தைரியம் தரும். மச்சியிடம் இரவல் வாங்கியதற்கும் இதே கதைதான். தையல் தொழில் செய்பவருக்கு மட்டும் விதிவிலக்கு: தன் கையால் தைத்த அபாயாவை அவரே உடுத்தி, அளவு நாடாவைத் தோளில் போட்டு நின்றால் அதைவிட வேறு விளம்பரம் எதற்கு?

நிறத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், கெமரா எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன் கெமராவாக இருந்தாலும் அது படத்துக்குள் வரும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு அபாயா படத்தை நிறைத்திருந்தால், "இங்கே இருட்டு" என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். அதனால் அபாயா சாம்பல் பூத்து, முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். வெள்ளை உடையும் வெள்ளை ஹிஜாபும் என்றால் நேர்மாறு, முகம் கறுத்துவிடும். நம் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. கெமராவின் கணக்கு அப்படி. போன் திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால், முகத்தை வைத்து வெளிச்சத்தைக் கணக்கிடும். கறுப்புத்தான் உடுத்த வேண்டும் என்றிருப்பவர்கள் ஹிஜாபை மட்டும் வேறு நிறத்தில் அணியலாம். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், வெளிர் நீலம் போன்றவை நம்முடைய பச்சைப் பின்னணியில் நன்றாகத் தெரியும். கடும் பச்சையும் கபிலமும் தேயிலைச் செடிகளோடு கலந்து போகும்.

பச்சைப் பின்னணி என்று சொன்னேன். உண்மையில் கேக் செய்கிறவர் தேயிலைக்கு நடுவில் போய் நிற்க என்ன அவசியம்? அழகு என்பது மட்டும் காரணமானால், அந்த அழகு ஏற்கெனவே போதிய அளவு படம்பிடிக்கப்பட்டுவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. செடிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்திலும் வெள்ளைத் துணியிலும் பச்சைச் சாயலை ஏற்றும். வீட்டு விறாந்தையின் ஓரம், சமையலறை ஜன்னலடி, தையல் மேசையின் அருகு, இவை போதும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம் பக்கம் மழையைக் கொட்டும். அந்த மூடிய வானத்தின் வெளிச்சம் முகத்துக்கு உச்சி வெயிலைவிட எவ்வளவோ நல்லது. வெளியே எடுத்தால் அபாயாவின் கரையில் சேறு படாமல் பார்த்துக்கொண்டால் சரி. மூடுபனி இறங்கும் நேரத்தில் சாம்பல் நிற உடையைத் தவிருங்கள், ஆளே கரைந்துவிடுவார்.

துணியிலும் கவனம் வேண்டும். சாட்டின் மினுங்கும். கல் பதித்த கைகளும் ஜிகினா வேலையும் பிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை முந்திக்கொண்டு தெரியும். கலியாண வீட்டுக்கு அது பொருந்தும், தொழிலுக்கு இல்லை. மிக நெருங்கிய கட்டமும் மெல்லிய கோடுகளும் படத்தில் அலையலையாகக் குழம்பித் தெரியும். பருத்தி, கிரேப், நிடா போன்ற மினுங்காத துணிகள் நல்லது. ஹிஜாபை நெற்றிக்கு முன்னால் அதிகம் இழுத்துக் கட்டினால், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண்களில் நிழல் விழும். வெளிச்சம் முன்னாலிருந்து வரும்படி நிற்க வேண்டும். வழுக்கும் ஷோலுக்கு உள்ளே பருத்தித் தொப்பி போட்டால் ஊசிகள் குறையும். கறுப்புத் துணியில் ஒட்டும் பஞ்சைக் கண் காணாது, கெமரா காணும்.

உணவு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்குபவர் உங்கள் முகத்துக்கு அடுத்ததாகப் பார்ப்பது நகத்தையும் சட்டைக் கையையும்தான். அகன்ற கையுள்ள அபாயா மாவுக் கிண்ணத்துக்குள் தொங்கும் படம் பசியைக் கெடுக்கும். இறுகிய மணிக்கட்டுள்ள உடை, சுத்தமான ஏப்ரன், மோதிரம் இல்லாத விரல்கள் போதும். கேக் கூடங்களில் தலைமுடியை மூடும்படி எல்லோரிடமும் சொல்கிறார்கள். நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி உம்மாமாரும் வாப்பாமாரும் கேட்கிற கேள்வி: "முகத்தை ஏன் போட வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஒரு தடவை இணையத்தில் ஏறிய படத்தை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். முகம் போட விரும்பாதவர் போடத் தேவையில்லை. நிகாப் அணிபவர்களும் தொழில் செய்கிறார்கள். மருதாணிக் கூம்பு பிடித்த கை, மாவு பிசையும் கை, துணி வெட்டும் கை, இவற்றுக்கும் அடையாளம் உண்டு. ஒவ்வொரு படத்திலும் ஒரே நிறச் சட்டைக் கையும் ஒரே மேசை விரிப்பும் வரட்டும். சில மாதங்களில் அதைக் கண்டவுடன் உங்கள் பெயர் நினைவுக்கு வரும். லிப்டனின் தொப்பி செய்த வேலையை ஒரு நீலச் சட்டைக் கை செய்யும். ஆனால் முகம் போடுவதா இல்லையா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். எடுத்து, போட்டு, பிறகு நானா பார்த்துச் சத்தம்போட்டு அழிப்பது எல்லோருக்கும் மனக்கசப்பு.

ஸ்டூடியோவில் எடுப்பதானால் காசு கொடுக்கும்போதே இரண்டு விடயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். திருத்தாத மூலப்படங்கள் உங்களுக்கு வேண்டும்; தோலை வெளுப்பாக்கித் தருவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் படத்தை அவர்களுடைய கண்ணாடி ஜன்னலிலோ முகநூலிலோ உங்களைக் கேட்காமல் போடக்கூடாது. இதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலேயே எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.